நொடிக்கு மூன்று குமிழி

வடலிக்குளத்தில் ஒருத்தி விடுகிற மூச்சு எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்காத காலம் ஒன்று இருந்தது. போன ஆனி மாதம் வரைக்கும் இருந்தது. ஆனி பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு, சோடா கலர் கம்பெனிக்காரி செல்லக்கனி, அழகுவேல் அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்துக்குள் ஒரு கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நுழைந்தபோது அந்தக் காலம் முடிந்துபோனது. ஆனால் அவள் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். அடுப்பு இல்லையென்றால் பூட்டு, பூட்டு இல்லையென்றால் சோடா நிரப்பும்போது பாட்டில் வெடித்துப் புருஷன் தங்கக்கண்ணின் கண்ணில் படுமோ என்கிற பயம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், கிணற்றுக்கு அடியில் கிடக்கும் பாறை மாதிரி, சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற ஒரே மகன் ஐகோர்ட்துரை. தங்கக்கண் படுத்த நிமிஷத்தில் தூங்கிவிடுகிற மனுஷன். "சும்மா கவலப்படாத" என்று கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடமும், டாக்டரிடமும், கோயில் பூசாரியிடமும் அதையே கேட்டுக் கேட்டு, தன் கவலையெல்லாம் ஒரு பிரயோசனமும் இல்லாத சாமான் என்று அவளே நம்பியிருந்தாள்.

மண்டபத்தில் மணமேடைக்கு இடப்பக்கம் எட்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. ஆவணியில் அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு காடு இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சென்னையிலிருந்து தொட்டிக்காரர் ஒருவர் வந்து மண்ணும் கல்லும் பரப்பி, செடி நட்டு, விளக்குப் போட்டு, மீன்களையும் விட்டுவிட்டார். கேஸ் சிலிண்டர் மட்டும் லாரி ஆபீஸிலேயே எங்கேயோ தொலைந்துபோய், செடிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. கேஸ் யாரிடம் இருக்கும்? கலர் கம்பெனியில் இருக்கும். அப்படித்தான் செல்லக்கனிக்கு ஆள் வந்தது.

"உங்க சோடாவுல போற அதே கேஸ்தான்க்கா" என்றார் தொட்டிக்காரர். "செடி இதத் தின்னுதான் வளரும்."

"தின்னுட்டு ஏப்பம் விடாதா?"

"விடும். இலை மேல முத்து முத்தா நிக்கும். அதப் பாக்கத்தான் இவ்வளவு பாடு."

இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் காட்டினார். முதல் குப்பி வெளியே, கேஸ் வருகிற குழாயில். அதில் குமிழிகளை எண்ணலாம்; இந்தத் தொட்டிக்கு நொடிக்கு மூன்று. இரண்டாவது தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அதிலுள்ள மருந்து நீலமாக இருந்தால் கேஸ் போதவில்லை, பச்சையானால் சரி, மஞ்சளானால் அதிகம். மஞ்சளானால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அப்படியே விட்டால் செத்து மிதக்கும். விளக்கு காலை ஒன்பதுக்கு, கேஸ் எட்டுக்கே. விளக்கு அணைவது ஆறுக்கு, கேஸ் ஐந்துக்கே நிற்க வேண்டும். இருட்டில் செடி இதைத் தின்னாது.

செல்லக்கனி சிலிண்டரில் மீட்டரைப் பூட்டப் போனால் வாஷரைக் காணோம். மடியில் எப்போதும் கிடக்கும் கோலி பாட்டில் ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து வைத்து முறுக்கினாள். சாவியைத் திறந்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாள். கசியவில்லை. குழாய் மாட்டும்போது திறந்திருக்க வேண்டாம் என்று பயந்து சாவியை மூடினாள். பிறகு, கலர் கம்பெனியில் குழாய் மாற்றும்போது எல்லாரும் செய்கிற மாதிரி, குழாயின் நுனியை வாயில் வைத்து அடைப்பு இருக்கிறதா என்று ஒரு ஊது ஊதினாள். அந்த மூச்சில் அடுப்பும் போனது, பூட்டும் போனது, கடலும் கப்பலும் போனது.

"ஆ, வருது பாருங்க" என்றார் தொட்டிக்காரர். குப்பியில் நொடிக்கு மூன்று. அவர் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

மூன்றாம் நாள் செல்லக்கனிக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது, அந்த வாஷர் தாங்குமா என்று. போட்டது போட்டபடி மண்டபத்துக்கு ஓடினாள். மேனேஜர் கோமதிநாயகம், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருக்கிற முப்பத்தெட்டு வயது ஆள், கூடவே வந்து நின்றார். அவள் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. அன்றைக்கு மூடியது மூடியபடியே.

"திறக்கவே இல்லையே தம்பி."

"ரெண்டு நாளா ஓடுதேக்கா. நான் எண்ணித்தான பாக்கேன்."

அவளுக்குப் பயத்தில் மூச்சு வாங்கியது. குப்பியில் குமிழிகள் தறிகெட்டு ஏறின. கோமதிநாயகம் குப்பியைப் பார்த்தார், அவள் நெஞ்சைப் பார்க்கக் கூச்சப்பட்டு அவள் தோளைப் பார்த்தார், மறுபடியும் குப்பியைப் பார்த்தார். அவளுடைய அடுப்புக் கவலை ஊருக்கே தெரியும்.

"அக்கா, உங்க வீட்டு அடுப்பு அணைஞ்சுதான் இருக்காம். இப்பத்தான் டீக்கடையில உங்க வீட்டுக்காரரப் பாத்தேன்."

"அப்படியா" என்றாள் அவள். குமிழிகள் மெதுவாகி, இரண்டாகி, ஒன்றாகி, நின்றன.

"ஆனா வாசலப் பூட்டலையாம்."

குமிழிகள் ஏறின. நொடிக்கு மூன்று.

கோமதிநாயகம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்காக மின்விசிறியைச் சுழல விட்டார். பிறகு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, சிலிண்டர் வேண்டாம், ஆள் கிடைத்துவிட்டது என்றார்.

ஊர் இதைக் கேட்டு அசந்துபோகவில்லை. வடலிக்குளத்துக்காரர்கள் எதையும் முதலில் யார் பொறுப்பு என்றுதான் கேட்பார்கள். செல்லக்கனி காலை எட்டு மணிக்குக் கவலைப்படத் தொடங்கி ஐந்து மணிக்கு நிம்மதியாக வேண்டும் என்றால், தினமும் ஒருவர் கவலை கொண்டுபோக வேண்டும், ஒருவர் ஆறுதல் கொண்டுபோக வேண்டும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாளுக்கொருவராக மண்டகப்படி பிரிப்பது மாதிரி இதையும் பிரித்தார்கள். திங்கள் காய்கறிக் கடைக்காரர்கள், செவ்வாய் ஆட்டோ ஸ்டாண்டு, புதன் தையல்காரர்கள், வியாழன் பூக்கட்டுகிறவர்கள், இப்படியே ஞாயிற்றுக்கிழமை இரண்டு சலூன்கள் வரைக்கும். காலையில் வருகிறவர் ஒரு கலர் வாங்கிக் குடித்துக்கொண்டே, "அக்கா, உங்க ஓட்டு மேல ஒரு குரங்கு கையில என்னமோ வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு" என்பார். சாயங்காலம் வருகிறவர், "அது குரங்கே இல்லக்கா, அடுத்த வீட்டுப் பூன" என்பார். அவளுக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் காலையில் கவலை வந்தது, சாயங்காலம் நிம்மதி வந்தது, ஏனென்றால் குரங்கு இல்லை என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டோ ஸ்டாண்டு இசக்கி ஆர்வக்கோளாறில், "கடல்ல புயலாமே" என்று சொல்லித் தொலைத்தான். அரை மணி நேரத்தில் தொட்டிக்குள் மருந்து மஞ்சளாகி, மீனெல்லாம் மேலே வந்துவிட்டது. அன்றைக்கு முறைக்காரர்கள் எல்லாரும் ஒரு சங்கமாகக் கூடிச் சட்டம் போட்டார்கள். சாவு கூடாது, நோய் கூடாது, மகன் பேச்சு மட்டும் மறந்தும் எடுக்கக் கூடாது. இசக்கிக்கு ஒரு மாதம் முறை கிடையாது.

செல்லக்கனிக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. சாயங்காலம் மண்டபத்துக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தபடி நிற்பாள். கீரை மாதிரி இருந்த செடிகள் அடர்ந்து, சிவந்து, ஒவ்வொரு இலை நுனியிலும் முத்து கட்டி நிற்கும். இது குரங்கு, இது பால் திரிந்தது, இது பூட்டு என்று இலைகளைக் காட்டிப் புருஷனிடம் சொல்லுவாள்.

"ஒங் கவல இவ்வளவு அழகா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாலேயே வேலிக்கு வச்சிருக்கலாம்" என்றார் தங்கக்கண்.

ஆனால் செடி பெருக்கப் பெருக்க அதன் பசியும் பெருத்தது. ஆடி பாதியில் குரங்குகளும் பூட்டுகளும் போதாமல் போய்விட்டன. அவளும் பழகிவிட்டாள். கூரை சாய்ந்திருக்கிறது என்றால், "சாயட்டும்" என்றாள். மருந்து நீலமாகவே நின்றது. இலை ஓரங்களில் பாசி கறுத்தது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அண்ணாச்சி தொட்டிக்கு முன்னால் நின்று, "கோமதி, இது இப்படியே போனா நீயும் இப்படியே போயிரு" என்று மெல்லிய குரலில் சொன்னார். கோமதிநாயகத்தின் மூன்று பேனாக்களும் வேர்வையில் கசிந்தன.

அப்போதுதான் மகனிடமிருந்து வர வேண்டிய போன் வராமல் போனது. பதினைந்து நாளில் கரை தொடுவோம் என்று சொல்லிப் போனவன். பதினாறானது, பதினெட்டானது. அந்தப் பதற்றத்தில் பாட்டில் கழுவுகிற தொட்டிக்குள் அவள் போனை நழுவ விட்டாள். அந்த வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு போன். பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் சுடலைமணி அதைப் பிரித்துப் பார்த்து, திருநெல்வேலியிலிருந்து பார்ட் வர வேண்டும் என்றான்.

அன்றிலிருந்து முறைக்கு யாரும் வர வேண்டியிருக்கவில்லை. அவள் மூச்சு தானாக ஓடியது. கலர் கம்பெனிக்கும் செல்போன் கடைக்கும், கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றாள், சோற்றில் உப்புப் போட்டதை மறந்து மறுபடி போட்டாள், பாட்டிலில் கோலி உருளும் சத்தம் கேட்டால் மணி அடிப்பதாக நினைத்துத் திரும்பினாள். அங்கே மண்டபத்தில் மருந்து பச்சையானது. பாசி உதிர்ந்தது. முத்துகள் இலையை விட்டுப் பிரிந்து சரம் சரமாக மேலே ஏறுவதைப் பார்க்க அடுத்த ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள்.

மகன் கடைசியாகப் பேசிய இருபத்தாறாம் நாள், புதன்கிழமை, சரி செய்து மேசை மேல் வைத்திருந்த அந்தப் போன் சுடலைமணியின் கடையில் அடித்தது. அவன் எடுத்தான். ஐகோர்ட்துரைதான். கப்பல் இன்ஜின் கோளாறாகி நடுக்கடலில் நின்றுவிட்டது, இப்போது கொழும்பில் இருக்கிறோம், எனக்கு ஒன்றுமில்லை, கடைவாய்ப் பல் மட்டும் வலித்துப் பிடுங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சுடலைமணி சந்தோஷமாக எழுந்து கடையை விட்டு வெளியே வந்தான். வழியில் கோமதிநாயகம் நின்றார்.

"எங்க போற?"

சொன்னான்.

கோமதிநாயகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். "திங்கக்கிழம முகூர்த்தம். நாலு நாள்தான். பையன் நல்லாத்தான இருக்கான்? நல்லா இருக்கறவன் திங்கக்கிழம சாயங்காலமும் நல்லாத்தான் இருப்பான். பார்ட் வரலேன்னு சொல்லு."

சங்கத்துக்கும் தெரிந்தது. அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் செல்லக்கனி கடையில் ஒருவரும் கலர் குடிக்க வரவில்லை. அவள் தெருவில் வந்தால் காய்கறிக்காரர்கள் தராசுக்குக் கீழே எதையோ தேடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குப் பூ கொண்டுபோன மாடத்தி அவளை வழியில் பார்த்தாள். செல்லக்கனி செருப்பை மாற்றிப் போட்டிருந்தாள், வலது காலில் இடது, இடது காலில் வலது. மாடத்திக்கு அது தாங்கவில்லை. சொல்லக் கூடாது என்றும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வாய் திறந்துகொண்டது.

"போக்கா, அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத. அந்தப் பல்லு வலியும் இப்ப இல்லையாம்."

"யாருக்குப் பல்லு வலி?"

மாடத்தி பூக்கூடையைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செல்போன் கடையில் போன் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அவள் பெயர் எழுதி, முழுக்க சார்ஜ் ஏற்றி இருந்தது. செல்லக்கனி வாசலில் வந்து நின்றாள். சுடலைமணியே நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைக்கு வெளியே போய் வெயிலில் நின்றான்.

"எம்மா."

"எந்தப் பக்கத்துப் பல்லு?"

"இடது பக்கம். புதன்கிழமையே சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?"

"சொன்னாங்க, சொன்னாங்க" என்றாள் செல்லக்கனி. ஊரை மகனிடம் விட்டுக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. "கஞ்சியாக் குடி. சூடாக் குடிக்காத."

போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டாள். பதினைந்து நாளாக உள்ளே கிடந்த மூச்சு. அது வெளியே வந்து முடிய வெகுநேரம் ஆனது. மண்டபத்துக் குப்பியில் கடைசியாகக் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குமிழி ஏறி உடைந்து, அதோடு நின்றது.

அண்ணாச்சி சத்தம் போட்டார். சங்கம் ஓடிவந்தது. கோமதிநாயகம் தூண் ஓரமாகப் போய், நாளைக்கு என்ன ஆகும், வேலை போகுமா, அந்த அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கை வைத்த இடம் ஏறி இறங்க, எதிரே குப்பியில் குமிழிகள் ஏறத் தொடங்கின. நொடிக்கு மூன்று. "பாத்தீரா, அவளுக்குத் திரும்பவும் ஏதோ வந்துட்டு" என்றார் ஒரு தையல்காரர். எல்லாரும் நிம்மதியாகக் கலைந்து போனார்கள். கோமதிநாயகம் மட்டும் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முகூர்த்தத்துக்குச் செல்லக்கனி புருஷனோடு கலர் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். ஒப்புக்கொண்ட சரக்கு. பந்திக் கூடத்துக்குப் பின்னால் கோமதிநாயகம் அவளைப் பிடித்துக்கொண்டார். கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா, எம்மேல கோவமா, இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க. ராத்திரி பூரா தூங்கல."

அவள் காலிப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

"நாலு நாள் கழிச்சு வாங்க தம்பி. சொல்லுதேன்."

உள்ளே மேளம் வேகமெடுத்தது. கொஞ்ச நேரத்தில் மேளத்தை மீறி ஒரு முணுமுணுப்பு எழ, செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். குப்பியில் குமிழிகளை எண்ண முடியவில்லை. ஒரே வெள்ளைக் கோடாகப் போய்க்கொண்டிருந்தது. மருந்து எலுமிச்சை மஞ்சள். சிவப்பும் வெள்ளியுமாக எல்லா மீன்களும் மேலே வந்து, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்று, வாயைத் திறந்து திறந்து மூடின. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மீன்களையே பார்த்தான்.

"செல்லக்கனி, மூச்ச அடக்கு" என்றார் அண்ணாச்சி மேடையிலிருந்து.

"அது என் மூச்சு இல்ல அண்ணாச்சி."

அவள் மீன்களின் வாயைப் பார்த்தாள். கண்ணாடியில் தன் வாயும் அவற்றுக்குப் பக்கத்தில் தெரிந்தது. பதினைந்து நாளாக இந்த வாயைத்தான் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டி, தூணில் சாய்ந்திருந்த கோமதிநாயகத்திடம் போனாள்.

"கோவம் இருக்கு தம்பி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கும். ஆனா இருக்கா இல்லையான்னு நீங்க காத்துக் கெடக்க வேண்டாம். போங்க, போய் ஏதாவது சாப்பிடுங்க."

அவர் அப்படியே தூணோடு சரிந்து உட்கார்ந்து, ஒரு மூச்சு விட்டார். வெள்ளைக் கோடு அறுந்து, துண்டு துண்டாகி, ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு இல்லை. ஒவ்வொரு மீனாகக் கீழே இறங்கிச் செடிகளுக்குள் போயிற்று. தாலி கட்டினார்கள். அட்சதை போட்ட கைகள் இறங்கவில்லை. மண்டபம் முழுக்க எல்லாத் தலையும் மேடையை விட்டுவிட்டுக் குப்பியைப் பார்த்திருந்தது. அதில் வெறும் தண்ணீர் நின்றது.

பிறகு ஒரு குமிழி ஏறியது.

ஒன்றே ஒன்று. நானூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா வாயை மூடினாள், அண்ணாச்சி கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டார், நாயனக்காரர் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார், இசக்கி கழுத்து நரம்பு புடைக்கக் கூரையைப் பார்த்தான், மணமேடையில் அந்தப் பெண், புதுத் தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை குனிந்தபடி இருந்தாள். அது யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை.

செல்லக்கனி காலிப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்று, அடுப்பை அணைத்தோமா என்று யோசித்து, சத்தமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவள் முகத்துக்கு முன்னாலேயே வெயிலில் கலைந்துபோனது.